ஆணா, பெண்ணா? கடல் நத்தை சொல்லும் வரலாறு



பாடாங் மேஹா பிள்ளைகளுக்குக் கடல் என்றால் பெரும்பாலும் மீன்காரரின் பெட்டிதான். மீனும் இறாலும் வரும் அந்தப் பெட்டியில் சில நாள்களில் சிப்புட்டும் வரும். நுனியை வெட்டி, தேங்காய்ப் பாலும் மிளகாயும் சேர்த்து ஆக்கி, வாயில் வைத்து உறிஞ்சித் தின்னும் அந்தச் சிப்புட் செடுட் உங்களில் பலருக்குத் தெரிந்த பண்டமே. அது சதுப்பு நிலத்தில் வாழும் ஒரு கடல் நத்தை.

ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையில் நம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் குடும்பத்தாருடன் தஞ்சோங் டாவாய் கடற்கரைக்குப் போய், ஒரு பை நிறைய நத்தை ஓடுகளைப் பொறுக்கி வந்தாள். அவற்றை மேசைமேல் கொட்டிவிட்டு அவள் கேட்ட கேள்வி இது: "டீச்சர், இதுல ஆண் எது, பெண் எது?"

சேவலையும் கோழியையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லும் பிள்ளைகள் அவர்கள். நத்தையில் அப்படிச் சொல்ல முடியவில்லை. நம்மாலும் முடியவில்லை. "ஓட்டைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஆனால் உன் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவைத்தோம். அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம்.

ஓர் உயிர் ஆணாகப் பிறப்பதையும் பெண்ணாகப் பிறப்பதையும் எது முடிவு செய்கிறது? இது அறிவியலார் மட்டும் கேட்கும் கேள்வியன்று. நம் லயத்து வீடுகளிலும் இது கேட்கப்பட்டு வந்திருக்கிறது. அங்கே இது கேள்வியாக இல்லாமல் பழியாக ஒலித்தது என்பதே வேறுபாடு.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறோம். எங்கள் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரையில் இறங்கி, வெயில் ஏறும் வரை வெட்டி, மங்குப் பாலை வாளியில் ஊற்றிச் சுமந்தவர். அவருக்கு நாங்கள் ஐந்து பேரும் பெண்கள். நான்காவது பிள்ளை பிறந்தபோது, அப்பாவைப் பெற்ற பாட்டி திண்ணையை விட்டு எழுந்து வரவில்லையாம். "இதுவும் பொட்டப் பிள்ளைதானா? அவ வயிறு அப்படி" என்று அங்கிருந்தபடியே சொன்னாராம். பாட்டி கெட்டவரல்லர். அம்மாவுக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டவரும் அவரேதான். தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். தெரிந்தது தவறாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தவற்றின் பாரத்தை அம்மா முப்பது ஆண்டுகள் சுமந்தார்.

இந்தத் தவறு எங்கள் பாட்டியோடு தொடங்கியதன்று. கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டில் வாழ்ந்த பேரறிஞர் அரிஸ்டாட்டில், தந்தையின் வித்திலுள்ள வெப்பம் மிகுந்தால் ஆண் பிறக்கும், அது குன்றினால் பெண் பிறக்கும் என்று எழுதினார். வேறு சிலர், உடலின் வலப்பக்கம் ஆணுக்கு, இடப்பக்கம் பெண்ணுக்கு என்றனர். உணவு, காற்று, நிலவு, நாள், கோள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் காரணம் சொன்னார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கருத்துகள் கைமாறி வந்தன. சோதித்துப் பார்க்கக் கருவி இல்லை.

நுண்ணோக்கி நன்கு வளர்ந்த பிறகே விடையின் நுனி தென்பட்டது. உயிருள்ள எல்லா உடலும் உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலும் நூல்துண்டு போன்ற சில பொருள்கள் உள்ளன. சாயம் ஏற்றினால் அவை நிறம் பிடித்துத் தெளிவாகத் தெரியும். அதனால் அவற்றுக்குக் குரோமோசோம் என்று பெயர் வந்தது. தமிழில் நிறக்கோல் என்றும் சொல்வார்கள். தாயிடமிருந்து ஒரு பாதி, தந்தையிடமிருந்து ஒரு பாதி என இவை இணை இணையாக அமைந்திருக்கும். கண்ணின் நிறம் முதல் காலின் நீளம் வரை தலைமுறை தலைமுறையாக வரும் பண்புகளின் குறிப்பேடு இவற்றில்தான் உள்ளது.

1891-ஆம் ஆண்டில் ஹெர்மன் ஹென்கிங் என்னும் ஜெர்மானியர் ஒரு பூச்சியின் விந்தணுக்களை ஆராய்ந்தார். நம் வீட்டுக் கொல்லையில் வெண்டைச் செடியில் சிவப்பும் கறுப்புமாக மொய்க்குமே ஒரு பூச்சி, அதற்கு உறவான இனம் அது. அதன் விந்தணுக்களில் பாதியில் 11 குரோமோசோம்களும் மறுபாதியில் 12-ம் இருப்பதை அவர் கண்டார். கூடுதலாக இருந்த அந்தப் பன்னிரண்டாவது பொருள் என்ன, அதற்கு என்ன வேலை என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காத பொருளுக்குக் கணக்குப் பாடத்தில் இடுவது போல 'எக்ஸ்' என்று பெயரிட்டார். இன்று உலகமெங்கும் வழங்கும் எக்ஸ் குரோமோசோம் என்னும் பெயர் அப்படிப் பிறந்ததுதான்.

பத்து ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் கிளாரன்ஸ் மக்ளங் என்பவர் வெட்டுக்கிளிகளை ஆராய்ந்து, இந்தக் கூடுதல் குரோமோசோமே ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது என்று 1901-இலும் 1902-இலும் எழுதினார். எண்ணம் சரி, ஆனால் அது இருந்தால் ஆண் பிறக்கும் என்று திருப்பிச் சொல்லிவிட்டார்.

முடிச்சை அவிழ்த்தவர்களில் ஒருவர் ஒரு பெண்மணி. நெட்டி ஸ்டீவன்ஸ் என்பது அவர் பெயர். 1861-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தவர். நம்மைப் போலவே பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்துவைத்து, 35 வயதில்தான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தார். பின்னர் பிரின் மார் என்னும் பெண்கள் கல்லூரியில் ஆய்வு செய்து 1903-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் எடுத்துக்கொண்டது மாவுப் புழு. தானியத்திலும் மாவிலும் வளர்ந்து வண்டாக மாறும் எளிய உயிர். அதன் உயிரணுக்களை ஸ்டீவன்ஸ் அம்மையார் பொறுமையாக எண்ணினார். பெண்ணில் 20 குரோமோசோம்கள், இருபதும் பெரியவை. ஆணில் 19 பெரியவை, ஒன்று மட்டும் மிகச் சிறியது. பெண்ணின் கருமுட்டைகள் அனைத்தும் ஒரே மாதிரி. ஆணின் விந்தணுக்களிலோ பாதி பெரியதைச் சுமந்தன, பாதி சிறியதைச் சுமந்தன. பெரியது சேர்ந்தால் பெண், சிறியது சேர்ந்தால் ஆண். 1905-இல் இதை வெளியிட்டார். அதே ஆண்டில் எட்மண்ட் வில்சன் என்னும் அமெரிக்கப் பேராசிரியரும் வேறு பூச்சிகளை ஆராய்ந்து இதே வழியில் வந்து சேர்ந்தார். அந்தச் சிறியதற்குப் பின்னாளில் 'ஒய்' என்று பெயர் வந்தது. ஸ்டீவன்ஸ் அம்மையார் 1912-இல் மார்பகப் புற்றுநோயால் காலமானார். அவருக்கென்று கல்லூரி உருவாக்கிய ஆய்வுப் பேராசிரியர் பதவியில் அமர அவருக்குக் காலம் வாய்க்கவில்லை.

மனிதருக்கும் இதே முறையா? மனித உயிரணுவில் எத்தனை குரோமோசோம்கள் என்பதே நெடுங்காலம் தவறாக 48 என்று எண்ணப்பட்டு வந்தது. அதைத் திருத்தியவர் நம் அண்டை நாட்டில் பிறந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஜாவாத் தீவில் 1919-இல் பிறந்து, போகோரில் வேளாண்மை படித்த ஜோ ஹின் ஜியோ என்பவர் அவர். ஜப்பானியர் ஆட்சியில் சிறை வாழ்வையும் அனுபவித்தவர். சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் ஆல்பர்ட் லெவானுடன் சேர்ந்து, மனிதருக்கு 46 குரோமோசோம்களே என்று 1956-இல் நிறுவினார். மூன்றே ஆண்டுகளில், 1959-இல், ஒய் குரோமோசோம் இருந்தால் ஆண் என்பதும் மனிதரில் உறுதியாயிற்று. அந்த ஒய்யில் ஆண் தன்மையைத் தொடங்கிவைக்கும் ஒரு சிறு பகுதியை 1990-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர்.

இனி நம் மாணவி கொண்டுவந்த கடல் நத்தைகளுக்கு வருவோம். பூச்சியிலும் மனிதரிலும் கண்ட விதி நத்தைக்கும் பொருந்துமா?

முதலில் நிலத்து நத்தையைப் பாருங்கள். மழைக்காலத்தில் நம் காய்கறிப் பாத்தியை மேய்ந்துவிடும் பெரிய நத்தை இருக்கிறதே, அதில் ஆண் வேறு பெண் வேறு இல்லை. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருக்கும். கடல் நத்தைகளில் பல இனங்கள் அப்படியில்லை. நம்மைப் போல ஆண் வேறு, பெண் வேறு. நம் முன்னோர் ஊதிய சங்கும் அப்படித்தான். தூத்துக்குடிக் கடலில் குளிகாரர்கள் மூழ்கி எடுக்கும் அந்தச் சங்கைப் பற்றி, சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னெல் 1914-இல் ஒரு நூலே எழுதினார். பெண் சங்கு, முறுக்கிய ஆட்டுக்கொம்பு போன்ற கூட்டினுள் முட்டையிட்டு மணலில் நட்டுவைக்கும்.

ஆண் வேறு பெண் வேறு என்றால், மாவுப் புழுவில் கண்டது போல ஒரு பெரியதும் ஒரு சிறியதும் நத்தையிலும் தெரியவேண்டுமல்லவா? ஆய்வாளர்கள் தேடினார்கள். பெரும்பாலான கடல் நத்தைகளில் ஆணின் குரோமோசோம்களும் பெண்ணின் குரோமோசோம்களும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரிந்தன. வேறுபாடு இருந்தாலும் கண்ணுக்கு எட்டவில்லை.

ஆனால் நெரிட்டா என்னும் நத்தைக் குடும்பத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. இந்த நத்தையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடலோரப் பாறைகளிலும் சதுப்பு மரங்களின் வேர்களிலும் அடிமரத்திலும் உருண்டையாக, தடித்த ஓட்டுடன் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் மாணவியின் பையிலும் சில இருந்தன. இந்தக் குடும்பத்தின் பல இனங்களில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஒரே எக்ஸ், அதற்கு இணையே இல்லை. ஆகவே ஆணின் விந்தணுக்களில் பாதிக்கு எக்ஸ் உண்டு, பாதிக்கு இல்லை. ஹென்கிங் 1891-இல் பூச்சியில் கண்ட அதே கணக்கு! நிலத்துப் பூச்சியும் கடல் நத்தையும் எவ்வளவு தொலைவு விலகிய உயிர்கள்! இரண்டிலும் ஒரே வகை ஏற்பாடு தனித்தனியே அமைந்திருப்பது வியப்பன்றோ?

எல்லா உயிரிலும் தந்தையின் பக்கமே இது முடிவாகிறது என்றும் எண்ணிவிடக் கூடாது. நம் வீட்டுக் கோழியில் முறை தலைகீழ். சேவலுக்கு இரண்டும் ஒரே வகை. கோழிக்குத்தான் இரு வேறு வகை. அவற்றை இசட் என்றும் டபிள்யூ என்றும் குறிக்கிறார்கள். ஆகக் குஞ்சு சேவலா பெட்டையா என்பது தாய்க் கோழியின் முட்டையிலேயே முடிவாகிவிடுகிறது. நத்தைகளிலும் இப்படிப்பட்டவை உண்டு. ஐரோப்பியக் கடற்கரைகளில் வாழும் ஒரு சிறு நத்தையைப் பற்றி 2022-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நண்டுகள் மிகுந்த இடத்தில் ஒரு வகையாகவும், அலை மோதும் பாறையில் வேறு வகையாகவும் வாழும் ஒரே இனம் அது. அந்த இரு வகைகளிலும் ஆண் பெண் வேறுபாட்டோடு இணைந்த குரோமோசோம் பகுதிகள் ஒன்றுபோல் அமையவில்லையாம். ஒரே இனத்துக்குள்ளேயே விதி மாறிக்கொண்டிருக்கிறது!

இன்னும் ஒரு நத்தை இருக்கிறது. பிறக்கும்போது எது என்பது அதற்கு முடிவே இல்லை. செருப்பைக் கவிழ்த்தாற்போல் தட்டையான ஓடுடைய ஒரு கடல் நத்தை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிப்பிகளோடு சேர்ந்து அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து பரவியது. இவை ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கிய கிண்ணங்களைப் போல ஒட்டி வாழும். அடியில் இருப்பது மூத்தது, உச்சியில் இருப்பது இளையது. 1909-இல் ஆர்ட்டன் என்னும் ஆங்கில விலங்கியலார் இந்த அடுக்குகளைப் பிரித்துப் பார்த்தார். அடியிலுள்ளவை பெண், உச்சியிலுள்ளவை ஆண், நடுவிலுள்ளவை ஆணிலிருந்து பெண்ணாக மாறிக்கொண்டிருப்பவை! இளமையில் ஆண், வளர்ந்தபின் பெண். எந்தக் கூட்டத்தில் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதும் அந்த மாற்றத்தின் வேகத்தைப் பாதிக்கிறது.

நேயர்களே, இதுவரை இயற்கை செய்ததைப் பார்த்தோம். இனி மனிதன் செய்ததைப் பார்ப்போம். இந்தப் பகுதி நம் மலாக்கா நீரிணையையும் தொடுகிறது.

கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும், சுண்ணாம்பு ஓடுள்ள சிறு உயிர்களும் ஒட்டிக்கொண்டால் கப்பலின் வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு கூடும். இதைத் தடுக்க 1960-களிலிருந்து ஒரு புதிய நச்சுச் சாயம் பூசினார்கள். வெள்ளீயம் கலந்த டிரைபியூட்டைல்டின் என்னும் சேர்மம் அதில் இருந்தது. சாயம் நன்றாக வேலை செய்தது. கப்பல் முதலாளிகள் மகிழ்ந்தனர்.

1970-இல் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகப் பக்கத்தில் ஸ்டீபன் பிளேபர் என்னும் ஆய்வாளர், பெண் நத்தைகளில் ஆண் உறுப்பு போன்ற ஒன்று முளைத்திருப்பதைக் கண்டு பதிவு செய்தார். 1971-இல் அமெரிக்காவில் ஸ்மித் என்பவரும் வேறொரு நத்தையில் இதையே கண்டு, பெண்ணின் மேல் ஆண் தன்மை ஏற்றப்பட்டது என்னும் பொருளில் 'இம்போசெக்ஸ்' என்று பெயர் வைத்தார். காரணம் தெரியப் பத்து ஆண்டுகள் ஆயின. படகுத் துறைகளுக்கு அருகில் மிகுதியாகவும், தொலைவில் குறைவாகவும் இது இருப்பதைக் கவனித்த ஸ்மித், 1981-இல் அந்தச் சாயமே காரணம் என்று காட்டினார். பிரையன், கிப்ஸ் முதலியோர் பிளிமத்தில் மேலும் ஆராய்ந்து, சாயத்தின் அளவு கூடக் கூடப் பெண் நத்தையின் முட்டை வெளியேறும் வழியே அடைபட்டு, உள்ளேயே முட்டைகள் தேங்கி, அது மடிந்துபோவதை 1980-களில் எடுத்துக் காட்டினர். சில கடற்கரைகளில் அந்த நத்தை இனமே அற்றுப்போயிற்று.

எவ்வளவு நச்சு இருந்தால் இந்தக் கேடு தொடங்கும் தெரியுமா? நூறு கோடி லிட்டர் நீரில் ஏறத்தாழ ஒரு கிராம்! ஒரு சிட்டிகை உப்பு அளவு நச்சு, ஏரியளவு நீரைக் கெடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலாக்கா நீரிணை உலகிலேயே கப்பல் போக்குவரத்து மிகுந்த நீர்வழிகளுள் ஒன்று. பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர்த் துறைமுகங்கள் இதன் கரையில்தான் உள்ளன. தாய்லாந்து வளைகுடாவிலும் மலாக்கா நீரிணையிலும் நத்தைகளைச் சேகரித்து ஆராய்ந்த குழு ஒன்று 1997-இல் தன் முடிவை வெளியிட்டது. இங்கும் பெண் நத்தைகளில் அந்த மாற்றம் இருந்தது. கப்பல் போக்குவரத்தோடு அதற்குத் தொடர்பும் இருந்தது. நம் முன்னோர் பலர் கப்பலேறிய தமிழ்நாட்டுக் கரையும் தப்பவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்து நத்தைகளில் இதே குறையைக் கண்டு 2002-இல் இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெண் நத்தையின் குரோமோசோம் எதுவும் மாறவில்லை. அது பெண்ணாகவே கருவுற்றது, பெண்ணாகவே வளர்ந்தது. வெளியிலிருந்து வந்த நச்சு, உடலுக்குள் செய்தி கொண்டுசெல்லும் வழியில் புகுந்து பொய்ச் செய்தி சொல்லிவிட்டது. எந்தப் பூட்டில் அந்தக் கள்ளச் சாவி நுழைந்தது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004-இல் கண்டு சொன்னார்கள்.

இந்தக் கதை துயரத்தோடு முடியவில்லை. சிப்பி வளர்ப்போர் பெரும் நட்டம் கண்ட பிரான்ஸ் நாடு 1982-இல் சிறு படகுகளுக்கு இந்தச் சாயத்தைத் தடை செய்தது. பிரிட்டன் 1987-இல் பின்பற்றியது. 2001-இல் உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன; அது 2008 செப்டம்பர் 17-இல் நடைமுறைக்கு வந்தது. தடைக்குப் பின்னர் பிரிட்டனின் பல கடற்கரைகளுக்கு நத்தைகள் திரும்பி வந்தன. யாரும் பொருட்படுத்தாத ஒரு சிறு நத்தையின் பெண்மைக்கு நேர்ந்த கேட்டை யாரோ சிலர் குனிந்து பார்த்து எழுதிவைத்ததால் உலகச் சட்டமே மாறியது.

இப்போது நம் லயத்து வீட்டுக்குத் திரும்புவோம். நத்தையில் பல விதிகள் இருக்கலாம். மனிதருக்கு உள்ள விதியை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தாய்க்கு இரண்டும் எக்ஸ். ஆகவே தாய் தரும் கருமுட்டை எப்போதும் எக்ஸையே சுமக்கும். தந்தைக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். அவருடைய விந்தணுக்களில் ஏறத்தாழப் பாதி எக்ஸைச் சுமக்கும், பாதி ஒய்யைச் சுமக்கும். எக்ஸ் முந்திச் சேர்ந்தால் பெண் குழந்தை, ஒய் முந்திச் சேர்ந்தால் ஆண் குழந்தை. தாயின் வயிற்றுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

அப்படியானால் பழியைத் தந்தைமேல் போடலாமா? கூடாது. கோடிக்கணக்கான அணுக்களில் எது முந்துகிறது என்பது அவர் அறிந்து செய்வதன்று. நாணயத்தைச் சுண்டிப் போடுகிறோம். தலை விழுவதும் பூ விழுவதும் சுண்டியவர் குற்றமாகுமா? ஐந்து முறை சுண்டினால் ஐந்து முறையும் தலையே விழுவதும் உண்டு. கணக்கின்படி, ஐந்து பிள்ளைகள் பெற்ற ஏறக்குறைய 32 குடும்பங்களில் ஒன்றில் ஐந்தும் பெண்ணாகவே இருக்கும். எங்கள் வீடு அந்த ஒன்று. அதில் சாபமும் இல்லை, குறையும் இல்லை. நான்கு பெண் பிறந்த பிறகு ஐந்தாவது கட்டாயம் ஆணாக இருக்கும் என்பதும் இல்லை. நாணயத்துக்கு முன் விழுந்தது நினைவில் இருக்காது.

ஆண் பிள்ளை பிறக்க வேர் தருகிறேன், மருந்து தருகிறேன் என்று வருபவர்களிடம் நம் சம்பளப் பணத்தைக் கொடுத்து ஏமாற வேண்டாம். கருவுற்ற பின் எந்த வேரும் எக்ஸை ஒய்யாக மாற்றாது.

இது வெறும் வீட்டுச் சண்டை என்றும் எண்ணிவிடாதீர்கள். நம் முன்னோர் பிறந்த தமிழ்நாட்டில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் என்று ஒன்று தொடங்க வேண்டியதாயிற்று. வயிற்றிலுள்ள பிள்ளை பெண் என்று கண்டறிந்து கருவைக் கலைப்பதைத் தடுக்க 1994-இல் இந்திய நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. "அவ வயிறு அப்படி" என்னும் சொல் வளர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இவை சான்று.

நாம் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோதுதான் இந்தப் பாடம் நமக்கு முழுமையாக விளங்கியது. விடுமுறையில் வீட்டுக்கு வந்ததும், அம்மாவை அடுப்படியில் உட்காரவைத்து, ஐம்பது காசு நாணயத்தைச் சுண்டிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னோம். அம்மா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்படின்னா உங்க அப்பா மேல குத்தமா?" என்பதே. தம்மேல் கிடந்த பழி இறங்கியதை அவர் முதலில் எண்ணவில்லை. அது இன்னொருவர் தலையில் ஏறிவிடக் கூடாதே என்றுதான் எண்ணினார். "இல்லம்மா, யாரு குத்தமும் இல்ல" என்றோம். சற்றுப் பொறுத்து, "இதை உங்க பாட்டி இருந்தப்பவே யாராச்சும் சொல்லியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

பாட்டிக்குச் சொல்ல அன்று ஆளில்லை. ஸ்டீவன்ஸ் அம்மையார் மாவுப் புழுவில் கண்ட உண்மை நம் லயத்துத் திண்ணைக்கு வந்து சேர நூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இனியும் தாமதிக்க வேண்டாம். உங்கள் வீட்டில் திருமணமாகப் போகும் மகனிருந்தால் அவனுக்குச் சொல்லுங்கள். மருமகள் வந்த வீட்டில் மாமியாருக்குச் சொல்லுங்கள். அடுத்த முறை சிப்புட் வாங்கினால், உறிஞ்சித் தின்னுமுன் பிள்ளைகளுக்கு ஓட்டைக் காட்டி, இந்த நத்தைக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.